முதல் கார் கண்காட்சிக்கு உங்கள் காரைத் தயார் செய்வது எப்படி?

கண்காட்சியில் நிற்கும் காரை நடுவர் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. கதவைத் திறந்து கீலைப் பார்ப்பார், பெட்ரோல் மூடியைத் திறப்பார், குனிந்து வீலின் உள்பக்கத்தை எட்டிப் பார்ப்பார். பானெட் எவ்வளவு மின்னினாலும் கதவிடுக்கில் கறுப்பு கிரீஸ் தெரிந்தால் மதிப்பெண் குறையும். பளபளப்புக்கும் இதே கணக்குதான். அடியில் இருக்கும் பெயிண்ட் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவுதான் மேலே தெரியும். கடைசியில் பூசும் வாக்ஸ் அதற்குக் கொஞ்சம் ஆழம் கூட்டும், அவ்வளவே. அதனால் இந்த விளக்கத்தில் வாக்ஸுக்கு ஒரு பத்தி, மற்ற வேலைகளுக்கு மீதி எல்லாம்.

ஒரு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள். இன்ஜின் அறை, வீல், கழுவுதல், பாலிஷ் எல்லாம் முதல் மூன்று நான்கு நாட்களில் முடிய வேண்டும். உள்பக்கம் அதற்கடுத்து. வாக்ஸ் முந்தைய நாள். டயர், கண்ணாடி அன்று காலையில். அழுக்கு அதிகம் தெறிக்கும் வேலை முதலில், மென்மையான வேலை கடைசியில் என்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம்.

இன்ஜின் அறையும் வீல்களும்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கெமிக்கல் பட்டால் உடனே காய்ந்து கறை பிடிக்கும். ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் குழாய், ஃபியூஸ் பெட்டி, வெளியே தெரியும் ஒயர் இணைப்புகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். ஒரு பங்கு ஆல் பர்ப்பஸ் கிளீனருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்றால் தோட்டக்குழாயின் மெல்லிய வீச்சு மட்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், சென்சார் இணைப்புகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். காற்றடித்து உலர்த்திய பிறகு ஹோஸ், பிளாஸ்டிக் மூடிகளுக்குத் தண்ணீர் சார்ந்த டிரெஸ்ஸிங்கை (ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் புதிதுபோலக் காட்டும் பூச்சு) மெலிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பளபளப்போடு விட்டால் அடுத்த நாளே தூசி அப்பிக்கொள்ளும்.

வீலுக்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அந்தத் துணியில் தங்கும். அதே துணி பானெட்டில் பட்டால் கீறல் நிச்சயம். முடிந்தால் காரை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி வீலைக் கழற்றுங்கள். உள்வட்டமும் வீல் வளைவின் உள்பக்கமும் அப்போதுதான் சரியாகச் சுத்தமாகும்.

கழுவும்போதே கீறல் விழுகிறது

பெயிண்டில் வெயில் படும்போது சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் உண்டானவைதான். அதனால் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் மண் தங்குவதற்கான சல்லடைத் தட்டு. ஒவ்வொரு பேனலும் முடிந்ததும், காரைத் தேய்க்கும் மைக்ரோஃபைபர் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளியில் முக்குங்கள். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பின் பம்பரும் கடைசி, மணல் அங்கேதான் அதிகம். பாத்திரம் கழுவும் சோப்பும் பஞ்சும் இந்த வேலைக்கு ஆகாது.

உலர்த்துவதற்குத் தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். சைடு மிரர், லோகோ, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும் தண்ணீரை புளோயரால் ஊதி வெளியேற்றுங்கள். இதைத் தவிர்த்தால் அரைமணி நேரம் கழித்து அங்கிருந்து ஒரு கோடு வழிந்து பேனல் நடுவே காய்ந்து நிற்கும்.

ஒட்டியிருப்பதை எடுப்பது

கழுவிய காரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். மணல்தாளைத் தொட்டது மாதிரி சொரசொரப்பாக இருந்தால் பெயிண்டில் துகள்கள் பதிந்திருக்கின்றன என்று பொருள்.

முதலில் அயர்ன் ரிமூவர். நிழலில், குளிர்ந்த பேனலில் தெளித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். இரும்புத் துகள் உள்ள இடம் ஊதா நிறமாகி வழியும். காய விடாமல் நன்றாக அலசுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவின் அடியில் தார்ப் புள்ளிகள் இருந்தால் தார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துத் துடைக்கலாம்.

அடுத்து க்ளே பார், அதாவது பதிந்த துகள்களை ஒற்றி எடுக்கும் களிமண் போன்ற கட்டி. மிருதுவான வகையை வாங்கி, 50 கிராம் அளவு கிள்ளி, உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையாக்குங்கள். பேனலில் க்ளே வழுக்குவதற்கான லூப்ரிகன்ட் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, எடையே கொடுக்காமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் வழுக்குங்கள். இழுபடுவது நின்று வழுக்கத் தொடங்கியதும் அந்த இடம் முடிந்தது. அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் புது முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் விழுந்த க்ளேயைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், அதில் புதைந்த ஒரு மணல் போதும்.

பாலிஷ்: பொறுமை வேண்டிய இடம்

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு சாதாரண ஏ4 தாளில் ஏறத்தாழ பாதி. பாலிஷ் என்பது இந்த அடுக்கின் மேல்முகத்தைச் சீவிச் சமப்படுத்துவது. கீறலின் விளிம்பு ஒளியைச் சிதறடிக்கிறது, அந்த விளிம்பு போனால் பிரதிபலிப்பு தெளிவாகிறது. சீவியது திரும்பி வராது. நகத்தால் குறுக்கே இழுக்கும்போது நகம் சிக்குகிற கீறலை முழுவதும் எடுக்க முயல வேண்டாம். கண்ணுக்கு மங்கும் அளவு வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். பேட் சுழன்றபடியே அதிர்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், ஆனால் பழகாத கையில் விளிம்புகளில் பெயிண்டையே எடுத்துவிடும், வெயிலில் தெரியும் மேகம் போன்ற சுழல் தடங்களையும் விட்டுச் செல்லும்.

பேனல் விளிம்புகள், ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் கிளியர் கோட் மெலிதாகத்தான் இருக்கும். பிறகு பானெட்டில் ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு சோதனை:

1. மிருதுவான பாலிஷிங் பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து துளி ஃபினிஷிங் பாலிஷ் (மிகக் குறைவாக வெட்டும் வகை) விடுங்கள்.
2. மெஷினை இயக்காமல் சதுரம் முழுவதும் தொட்டுப் பரப்பி, 1-ஆம் வேகத்தில் இழுத்துவிடுங்கள்.
3. 4 அல்லது 5-ஆம் வேகத்தில், விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்து, ஒவ்வொரு வரியும் முந்தையதைப் பாதி மூடுவதாக, நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை. இப்படி நான்கு முதல் ஆறு சுற்று.
4. துடைத்துவிட்டு எல்இடி டார்ச்சின் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

கீறல் போயிருந்தால் கார் முழுக்க இதே கூட்டணி. போகவில்லை என்றால்தான் அடுத்த கட்டம்: முதலில் கடினமான பேட், அதுவும் போதாவிட்டால் காம்பவுண்ட், அதாவது அதிகம் வெட்டும் கரடான பாலிஷ். காம்பவுண்டுக்குப் பிறகு மங்கலான படலம் நிற்கும், ஃபினிஷிங் பாலிஷால் அதை எடுத்தாக வேண்டும். எடுத்தவுடனே கடினமான பேடில் தொடங்குவது வீண் சேதம்.

மெஷினின் அடித்தட்டு விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் பேட் வெறுமனே அதிர்கிறது, வெட்டவில்லை. நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது பேட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வெள்ளைத் தூள் பறந்தால் பாலிஷ் அளவு கூடிவிட்டது, அல்லது பேட் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

பேடில் காரின் நிறம் ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்கு பெயிண்டில் நிறம் வருவது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து (10 முதல் 15 சதவீதம்) தெளித்துத் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். கொட்டகையில் குறையில்லாமல் தெரிந்த பானெட், கண்காட்சித் திடலின் வெயிலில் பழைய வட்டங்களோடு நிற்பதற்கு இதுதான் காரணம்.

வாக்ஸ்

மெலிதாக, இன்னும் மெலிதாக. கார்னோபா வாக்ஸில் (ஒரு வகைப் பனை இலையிலிருந்து கிடைக்கும் மெழுகு) ஒரு கதவுக்கு விரல்நுனி அளவு போதும். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். சுத்தமாக விலகினால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் காத்திருங்கள். கனமாகப் பூசினால் பளபளப்பு கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். சமீபத்தில் பெயிண்ட் அடித்த பேனலாக இருந்தால் பெயிண்ட் நிறுவனம் சொல்லும் காலம் கடந்த பிறகே வாக்ஸ். கடைசி வாரத்தில் செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் இறுகிவிடும் பாதுகாப்புப் பூச்சு) முயற்சி வேண்டாம், தவறாகப் பூசினால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும்.

இதன் பின்னர் ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். லோகோ எழுத்துகளின் இடுக்கு, ஹெட்லைட் ஓரம், பேனல்களுக்கு இடையே உள்ள பிளவு, நம்பர் பிளேட் ஆணி, வாஷர் நாசில் எல்லாவற்றிலும் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷ் ஒளிந்திருக்கும். மிருதுவான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியெடுங்கள். பிரஷ் போகாத இடத்துக்கு மைக்ரோஃபைபர் சுற்றிய பல்குச்சி. கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி ஆகியவற்றைத் திறந்து ஓரங்களைத் துடைத்து, கீலில் உள்ள பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதியதை ஒரு பொட்டு மட்டும் வையுங்கள். ஒன்றுபோல் மின்னும் கார்களுக்கு நடுவே வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

உள்பக்கம்

மேலிருந்து கீழே. கூரைத்துணியை நனைக்காதீர்கள், பின்னாலிருக்கும் பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரம் பிழிந்த துணியால் ஒற்றினால் போதும். ஏசி துவாரங்களுக்குப் பிரஷ்ஷையும் வேக்யூமையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். சீட்டை முழுக்க முன்னே தள்ளிப் பின்பக்கமும், பின்னே தள்ளி முன்பக்கமும் உறிஞ்சுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் கிளிப் போட்டு நிறுத்தி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். ஈரத்தோடு விட்டால் நாற்றம் பிடிக்கும்.

டேஷ்போர்டு மினுங்கக் கூடாது. அது முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும், பார்ப்பதற்கும் மலிவாகத் தெரியும். சுத்தமான லெதர் மங்கலாகத்தான் இருக்கும், மினுமினுப்பு என்பது பெரும்பாலும் உடல் எண்ணெயும் அழுக்கும். ஸ்டீயரிங், பெடல் இரண்டிலும் டிரெஸ்ஸிங் படவே கூடாது, வழுக்கும்.

அன்று காலை

டயரின் பழுப்பைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தெடுங்கள். காய்ந்த பிறகு தண்ணீர் சார்ந்த டிரெஸ்ஸிங், பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் ஓட்டினால் கதவு முழுக்கப் புள்ளி தெறிக்கும். கண்ணாடியை உள்ளே குறுக்காகவும் வெளியே நெடுக்காகவும் துடையுங்கள், கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். டின்ட் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அம்மோனியா இல்லாத கிளீனர்.

திடலில் நிறுத்தியதும் வீல்களை நேராக்கி, ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்து, போன் ஸ்டாண்டு, வாசனை அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கையில் ஒரு பை: ஐந்தாறு சுத்தமான மைக்ரோஃபைபர், குயிக் டீடெய்லர் (லேசான தூசியைத் துடைக்க உதவும் ஸ்ப்ரே), கண்ணாடி கிளீனர், காது குடையும் பஞ்சுக்குச்சி, சிறு பிரஷ். பெல்ட் பக்கிளையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுக் காரின் பக்கம் சாயுங்கள். வழியில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். குயிக் டீடெய்லரைத் தாராளமாகத் தெளித்து, ஒரே திசையில் ஒருமுறை இழுத்து, துணியின் முகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மண் துகள் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் துணியே வேண்டாம், அங்கே தண்ணீர் ஊற்றி அலசிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.