ஆயிரம் கெஜ இலக்குக்கு ஸ்கோப் தேர்ந்தெடுக்கும் முறை

தரையில் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் முன்பகுதியை ஒரு தாங்கியிலும் பின்பகுதியை மணற்பையிலும் அமர்த்தி, 1000 கெஜம் (914 மீட்டர்) வரையிலான தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் போட்டிக்கு எஃப்-கிளாஸ் என்று பெயர். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்பவரின் பெயரிலிருந்துதான் அந்த ‘எஃப்’ வந்தது. ஒலிம்பிக்கில் இளவேனில் வாலறிவன் போன்றோர் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துளை வழியே குறிபார்க்கும் கருவி மட்டுமே உண்டு. துப்பாக்கிமேல் பொருத்தும் உருப்பெருக்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு அங்கே அனுமதியில்லை. ஆகவே, ஸ்கோப் அனுமதிக்கப்படும் நெடுந்தொலைவுப் போட்டியை, குறிப்பாக எஃப்-கிளாஸை, மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

புதிதாக வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது உருப்பெருக்க எண்ணைத்தான். ஆனால் 1000 கெஜத்தில் எதைப் பார்ப்பதற்காக அந்த எண் வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். .308 அங்குல விட்டமுள்ள குண்டு தாளில் இடும் துளை ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர். 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொருளருகு வில்லை, காற்றே அசையாத நிலையிலும், அத்தொலைவில் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்டும். இது வில்லையின் விட்டம் விதிக்கும் எல்லை என்பதால் உருப்பெருக்கத்தைக் கூட்டி இதைக் கடக்க முடியாது. அதனால்தான் இலக்கின் அடியிலுள்ள குழியில் இருப்பவர் ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு இலக்கை இறக்கி, துளையில் ஒரு வட்டைச் செருகி, மீண்டும் உயர்த்திக் காட்டுகிறார். துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்து 100 கெஜத்தில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியின் நிலை வேறு. அங்கே 6 மில்லிமீட்டர் துளைகூட நன்றாகத் தெரியும் என்பதால், 40, 45 மடங்கு என்று நிலையான உருப்பெருக்கம் கொண்ட எடை குறைந்த ஸ்கோப்புகள் பொருத்தமானவை.

நெடுந்தொலைவில் நம் பார்வையைக் கட்டுப்படுத்துவது கானல். வெயிலில் தரை சூடேறியதும் இலக்கின் கறுப்பு வட்டம் நீருக்குள் கிடப்பதுபோல் நெளியத் தொடங்கும். உருப்பெருக்கம் கூடக் கூட அந்த நெளிவும் அதே அளவுக்குப் பெருகும். காலையில் 50 மடங்கில் கூர்மையாகத் தெரிந்த வளையங்கள், நண்பகலில் 25 அல்லது 30 மடங்குக்குக் குறைத்தால்தான் குறிவைக்கத் தக்கவையாக இருக்கும். ஆனால் கானல் வெறும் தொல்லை மட்டுமன்று. அது சாயும் பக்கம் காற்றின் போக்கைச் சொல்கிறது. சாயாமல் நேர்மேலாகக் கொதித்தெழுந்தால், குறுக்குக் காற்று ஓய்ந்திருக்கிறது அல்லது திசை மாறப் போகிறது என்று பொருள். ஆகவே உருப்பெருக்கத்தைக் குறைக்கவும் கூட்டவும் இடம்தரும் ஸ்கோப்பே 1000 கெஜத்துக்கு ஏற்றது. என் மதிப்பில், தாழ்ந்த எல்லை 15 மடங்குக்கு மேற்படாமலும் உயர்ந்த எல்லை 50-ஐ ஒட்டியும் இருப்பது போதும். ஆனால் 25 முதல் 40 வரையிலான இடைப்பகுதியில் படிமம் மிகத் தெளிவாக இருக்க வேண்டும், ஏனெனில் போட்டியின் பெரும்பகுதி அங்கேதான் கழியும்.

வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் வில்லையை 32 மடங்கில் வைத்தால் 1.75 மில்லிமீட்டர், அதே வில்லை 80 மடங்கில் வெறும் 0.7 மில்லிமீட்டர். அவ்வளவு குறுகிய வட்டத்தில் படிமம் மங்குவதோடு, தலை சற்று நகர்ந்தாலும் பார்வையில் கருநிழல் விழும். கண்ணாடியின் தரத்தை அறிய, வெள்ளைப் பின்னணியில் உள்ள கறுப்பு விளிம்பை உயர்ந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஓரத்தில் ஊதா நிறம் கசிந்தால் நிறப்பிரிகை சரியாகத் திருத்தப்படவில்லை.

அடுத்து, குறியை மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திருத்தும் திருகுகள். அவை ஒவ்வொரு படியாக நகரும், ஒரு படியை ஒரு கிளிக் என்பார்கள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை எம்.ஓ.ஏ. என்பார்கள், 1000 கெஜத்தில் அது 10.47 அங்குலம். அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்று குண்டை 2.6 அங்குலம் நகர்த்துவதால் எக்ஸ் வளையத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளிக்கில் கடந்துவிடும். அரைக்கால் எம்.ஓ.ஏ. கிளிக் 1.3 அங்குலம்தான் நகர்த்தும்; இந்தப் போட்டிக்கு அதையே கேட்டு வாங்குங்கள். மேல்-கீழ் திருத்தத்தின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். 100 கெஜத்தில் சரிசெய்த .308 துப்பாக்கிக்கு 1000 கெஜத்தில் 30 எம்.ஓ.ஏ.க்கு மேலும் தேவைப்படலாம். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. உள்ள ஸ்கோப்பைச் சமதளத்தில் பொருத்தினால் பயன்படுவது பாதி, அதாவது 30 மட்டுமே. 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள அடிப்பட்டையைப் பொருத்தினால் அது ஏறக்குறைய 50 ஆகும்.

குறுக்குக்கோடு மிக மெல்லியதாகவும், நடுப்புள்ளி அரைக்கால் எம்.ஓ.ஏ.வுக்கு மிகாமலும் இருக்கட்டும். அது இரண்டாம் குவியத் தளத்தில் அமைந்திருப்பது நல்லது. முதல் குவியத் தளத்தில் இருந்தால் உருப்பெருக்கத்தோடு கோடும் தடித்துத் தெரியும். இரண்டாம் தளத்தில் கோடு மாறாமல் நிற்க, இலக்கு மட்டும் பெரிதாகும்.

பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழை இங்கே மதிப்பெண்ணைப் பறிக்கும். ஸ்கோப்பின் குவியம் 100 கெஜத்தில் இருக்க, இலக்கு 200 கெஜத்தில் இருந்தால், கண் விலகுவதால் ஏற்படும் பிழை வில்லை விட்டத்தில் பாதி வரை போகக்கூடும். பக்கவாட்டுக் குமிழால் குவியத்தைச் சரிசெய்தபின், துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மீது ஊர்ந்தால் குமிழை இன்னும் திருத்த வேண்டும். குமிழில் அச்சிட்ட எண்களை நம்பாமல் இச்சோதனையையே நம்புங்கள்.

எடையையும் மறக்கலாகாது: எஃப்-கிளாஸின் இரு பிரிவுகளில், ஸ்கோப்பையும் சேர்த்து ஓபன் பிரிவில் 10 கிலோவும், பைபாட் என்னும் இருகால் தாங்கி உட்பட எஃப்-டிஆர் பிரிவில் 8.25 கிலோவும் உச்சவரம்பு. நைட்ஃபோர்ஸின் 15-55x52 (15 முதல் 55 மடங்கு, 52 மில்லிமீட்டர் வில்லை), ஜப்பானிய மார்ச்சின் 10-60x52, சைட்ரானின் 10-50x60 ஆகியவை இப்போட்டியில் பழகிய பெயர்கள். பணம் குறைவாக இருந்தால் உருப்பெருக்கத்தில் விட்டுக்கொடுங்கள், திருகின் நேர்மையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த நேர்மையை வாங்கியவுடனேயே சோதித்துவிட வேண்டும். 100 கெஜத்தில் ஓர் உயரமான தாளைத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டின் துணையோடு செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, அடியில் ஒரு புள்ளியும் அதற்கு 31.4 அங்குலம் மேலே இன்னொன்றும் குறியுங்கள். ஸ்கோப்பை அசையாமல் இறுக்கிப் பிடித்து, குறியை அடிப்புள்ளியில் வைத்து, 240 கிளிக் திருகினால் 30 எம்.ஓ.ஏ. நகர்ந்து குறி மற்றப் புள்ளியில் விழ வேண்டும். திருப்பித் திருகினால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். வழியில் கோட்டைவிட்டு விலகினால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கிறது அல்லது திருகு கோணலாக நகர்கிறது. இது சிறிய குறையன்று: 30 எம்.ஓ.ஏ. ஏற்றத்தில் துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் குண்டு 1000 கெஜத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் விலகும். நடுவில் பட வேண்டியது பத்து வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். எனவே ஸ்கோப்போடு சேர்த்து, அதன் குழாயில் பூட்டும் சிறிய ரசமட்டம் ஒன்றையும் வாங்கி, இந்தத் தூக்குக்குண்டுக் கோட்டுக்கு ஒத்தவாறு அதைப் பொருத்திய பிறகே ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களின் திருகுகளை இறுதியாக முறுக்குங்கள்.