விபிஎன் அறுந்துகொண்டே இருந்தது, கோளாறு வீட்டுக்குள்ளேயே இருந்தது

வீட்டிலிருந்துதான் வேலை. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அறுந்துவிடும். தூரத்திலிருந்து அலுவலகக் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு வாரம் இணைய இணைப்பின் மேல்தான் பழி போட்டேன். அது தவறு.

ஒருநாள் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் (192.168.1.1) இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். விபிஎன் அறுந்த நேரத்தில் ரவுட்டருக்குப் போகும் பிங்கே நின்றிருந்தது. அப்படியென்றால் சிக்கல் வைஃபையில். எங்கள் அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸோ இரண்டு சுவர் தாண்டி என் அறைக்கு வரவில்லை. சரி என்று 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கி, ரவுட்டரிலிருந்து சுவரோரமாக இழுத்து லேப்டாப்பில் செருகினேன். அதன்பின் அறுபடவே இல்லை.

அப்புறம் மின்வெட்டு. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழ மூன்று நிமிடமாகும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் (மின்சாரம் போனாலும் அணையாமல் காக்கும் சிறிய பேட்டரி) போட்டேன். வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். ஃபைபர் இணைப்பு வந்து சேரும் பெட்டி ரவுட்டரிலிருந்து தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்தே மின்சாரம் கொடுக்க வேண்டும்.