கறித்தூள் போத்தலும் தனிச்சரக்கும்: மலையகச் சமையலில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி ஒருமுறை வீட்டில் திரித்த தூள் அரைக் கிலோ கொண்டுவந்து தந்தாள். மணம் ஆளைத் தூக்கியது. நானும் ஆட்டிறைச்சிக்கு வழக்கமாகக் கறித்தூள் போடும் கணக்கில் மூன்று கரண்டி போட்டு, அதற்கு மேல் மிளகாய்த்தூள் இரண்டு கரண்டியும் தட்டிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் சோறு தின்றதைவிடத் தண்ணீர் குடித்ததுதான் அதிகம்.

தோழியின் தூளில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஊரில் 'தூள்' என்றால் செத்தல் மிளகாயும் சேர்த்து வறுத்துத் திரித்தது. எங்கள் பக்கத்துக் கடையில் 'கறித்தூள்' என்று கிடைப்பது பெரும்பாலும் மிளகாய் சேராதது. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம்தான் அதற்கு அடி. சிங்களத்தில் துனபஹ என்பார்கள். தமிழ்நாட்டுச் சாம்பார்ப் பொடியில் பருப்பும் அரைபட்டிருக்கும், குழம்பு தானாகவே தடிக்கும். சில பக்கெட்டுகளில் உப்பும் உண்டு. ஆகவே முதற்பிழை, பக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் சட்டியில் கவிழ்ப்பது.

வறுத்த தூளையும் பச்சைத் தூளையும் மாற்றிப் போடுவது அடுத்தது. இறைச்சிக்கு, கருகருவென்று வரவேண்டிய கறிக்கு வறுத்தது. போஞ்சி, கோவா, கரட் மாதிரி மரக்கறிக்கு வறுக்காதது, அதுவும் கொஞ்சமாக. உருளைக்கிழங்குப் பால்கறிக்கு இரண்டுமே வேண்டாம். மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வாசனைக்கு ரம்பை இலைத் துண்டு ஒன்று, அவ்வளவுதான். அதில் ஒரு கரண்டி வறுத்த தூள் விழுந்தாலும் கறி சேற்று நிறத்தில் உட்கார்ந்துவிடும்.

கலவைத் தூளே கூடாது என்று சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, கொழுந்து எடுக்கப் போவதற்குள் சோறும் கறியும் ஆக்குகிறவளிடம் அம்மியில் அரை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கலவையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிலுள்ள எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் சட்டிக்குள் போகிறது. கொத்தமல்லி நன்றாக வேகவேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசம் போகாது. ஏலக்காயும் பெருஞ்சீரகமும் அப்படியல்ல, நீண்ட நேரம் கொதித்தால் அவற்றின் மணம் ஆவியோடு போய்விடும். மேட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதி தெரியும், சூடு குறைவு. அதனால் மூடி போட்ட சாதாரணச் சட்டியில் இறைச்சியும் பருப்பும் வேக அதிக நேரம் எடுக்கும். தொடக்கத்தில் போட்ட ஏலக்காய் மணம் இறைச்சி வெந்து முடியும்வரை காத்திருக்குமா?

நான் செய்வது இதுதான். கறுவா, கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை எண்ணெயில் முதலில். வெங்காயம் வதங்கியதும் கறித்தூள். அதுவும் எப்போதும் போடும் அளவில் பாதிதான். தேங்காயின் இரண்டாம் பாலில் இறைச்சி வேகட்டும். இறக்குவதற்குச் சற்று முன் முதற்பாலை விட்டு, வறுத்து இடித்த பெருஞ்சீரகம் அரைக் கரண்டி, ஏலக்காய் இரண்டு, கொஞ்சம் மிளகு. உடனே மூடிவிடுங்கள். போத்தல் தூளில் ஆக்கிய கறி என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

விறகடுப்பில் தூளைக் கருக்குவது மிகச் சுலபம். எண்ணெய் புகையும்போது தூளைக் கொட்டினால் கண் இமைப்பதற்குள் கசந்துவிடும், பிறகு எந்தப் பாலாலும் அதைத் திருத்த முடியாது. விறகை வெளியே இழுத்துவிட்டுப் போடுங்கள். அல்லது தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள்.

இனி மழை. ஹட்டன் பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை வெயிலைக் காண்பதே அரிது. கொதிக்கிற சட்டிக்கு மேல் போத்தலைப் பிடித்துத் தட்டுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த ஆவி நேராகப் போத்தலுக்குள் போய்த் தூளைக் கட்டியாக்கும், கொஞ்ச நாளில் பூஞ்சணம். கையில் கொட்டிக்கொண்டு போடுங்கள். வீட்டுத் தூளை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் கிடைக்கிற வெயிலில் சரக்கைக் காயவைத்துத் திரிப்பது நல்லது. வறுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டாதீர்கள். கொத்தமல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும், வெந்தயம் கசந்துவிடும். என் அளவு: கொத்தமல்லி நான்கு பங்கு, சீரகம் இரண்டு, பெருஞ்சீரகம் ஒன்று, வெந்தயம் கால் பங்குக்கும் குறைவு. மில்லிலிருந்து வரும் தூள் சுடச்சுட இருக்கும். அப்படியே அடைத்தால் உள்ளே வியர்க்கும், ஆறவிட்டு அடையுங்கள். உங்களுக்கு முன் மிளகாய் திரித்தவர் யார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மெஷினில் அவருடைய காரம் மிச்சமிருக்கும்.

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துச் சமைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. அங்கே 'பட்டை' என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு இனத்தின் தடித்த, முரட்டுப் பட்டை. நம் கறுவா மெல்லிய சுருள், கையால் நொறுங்கும், மணமும் மென்மை. அவர்கள் சொல்லும் ஒரு துண்டுக்கு நம்முடையது சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அவர்கள் 'சோம்பு' என்பது நம் பெருஞ்சீரகம். சிங்களக் கடையில் சீரகம் வேண்டுமானால் சூதுரு என்று கேளுங்கள், மாதுரு என்றால் பெருஞ்சீரகம் கட்டித் தருவார்கள். என் மகன் ஒருமுறை மாற்றி வாங்கிவந்து, அன்றைய ரசம் இனித்தது.