வெள்ளை எல்இடியின் மஞ்சள் தோலை உரித்துப் பார்க்க

வெள்ளையாக ஒளிவிடும் சிப் என்று ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் நீலச் சிப். மேலே பாஸ்பர் தூள் கலந்த மஞ்சள் சிலிகோன். நீல ஒளியில் கொஞ்சம் அப்படியே வெளியேறும், மிச்சத்தை பாஸ்பர் விழுங்கி மஞ்சளாகக் கக்கும். இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை.

தேவையானவை: மேல்பூச்சு இல்லாத 12 வோல்ட் 2835 (எல்இடி கூட்டின் அளவு, 2.8 × 3.5 மி.மீ.) எல்இடி ஸ்ட்ரிப், 12 வோல்ட் அடாப்டர், குண்டூசி, பல்குச்சி, பழைய சிடி. 5050 அளவு வேண்டாம், ஒரே கூட்டுக்குள் மூன்று சிப் இருக்கும். வீட்டு பல்பைப் பிரித்து எரியவிட்டுப் பார்க்கவே கூடாது, உள்ளே 230 வோல்ட்.

கத்தரிக்கோல் குறியில் ஒரு துண்டு வெட்டுங்கள். மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் வரும். மின்சாரம் கொடுக்கும் முன்பே, ஓர் எல்இடியின் மஞ்சள் பசையை மூலையிலிருந்து குண்டூசியால் நெம்புங்கள். நடுவில் குத்தாதீர்கள். சிப்பிலிருந்து ஓரத்துக்குப் போகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அது அறுந்தால் மூன்றும் அணைந்துவிடும், தொடராக இணைத்திருப்பதால். முதல் முயற்சியில் அறுவது சகஜம்தான், அடுத்த துண்டை எடுங்கள்.

இப்போது அடாப்டரை இணைத்தால் இரண்டு வெள்ளை, ஒன்று சுத்த நீலம். உற்றுப் பார்க்க வேண்டாம். உரித்த துணுக்கைப் பல்குச்சி நுனியில் ஒட்டி நீலத்துக்கு மேலே பிடியுங்கள்: மஞ்சளாக ஒளிரும். சிவப்பு எல்இடியைக் காட்டினால் ஒளிராது. சிவப்பு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) மஞ்சளைவிட ஆற்றல் குறைவு. பாஸ்பர் ஆற்றலைக் குறைத்துத்தான் தரும், கூட்டித் தராது.

இருட்டறையில் வெள்ளை எல்இடியின் ஒளியை சிடியில் சாய்த்துப் பாருங்கள். குறுகலான நீலப் பட்டை, அடுத்து சற்று மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான பட்டை. 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெள்ளை) ஸ்ட்ரிப்பில் நீலம் மெலிந்து சிவப்பு ஓங்கியிருக்கும். அதில் பாஸ்பர் அதிகம், சிவப்பு தரும் வகையும் கலந்திருக்கும். அணைந்திருக்கும்போதே பசை ஆரஞ்சு சாயலில் தெரிவது அதனால்தான். 6500 கெல்வினில் (நீலம் சாய்ந்த வெள்ளை) எலுமிச்சை நிறம்.

நீலம் மஞ்சளாக மாறும்போது ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகிறது, அதுவும் பசைக்குள்ளேயே. சிப்பின் சூடும் சேர, பசை விரிசல்விட்டால் நீலம் கசியும். 2021 வாக்கில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் தெருவிளக்குகள் ஊதாவாக எரிந்ததும் பாஸ்பர் அடுக்கு பிரிந்து வந்ததால்தான்.