தொட்டி நிரம்பும் வரை எழுதுங்கள்

ரங்கூனில் எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் நள்ளிரவு தாண்டித்தான் வருகிறது. வந்த உடனே எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டாக வேண்டும். தொட்டி நிரம்ப ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் மனம் முழுதாக விழித்துக்கொள்ளும். அரிசி விலை, மகனின் படிப்பு, பிழைப்புக்காக நாடு விட்டுப் போன தம்பி. மோட்டாரை நிறுத்திப் படுத்த பிறகும் நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 20 நிமிடத்தில்தான் இப்போது எழுதுகிறேன். உங்கள் தூக்கமும் இப்படிக் கெடுகிறதென்றால் இன்று இரவே தொடங்கிவிடுங்கள்.

கோடு போட்ட பள்ளி நோட்டு, பென்சில், கடிகாரம், ஒரு டார்ச். இவை போதும். செல்பேசியில் எழுத வேண்டாம். ஒரு செய்தி வந்து விழுந்தாலே மனம் அதன் பின்னால் போய்விடும்.

படி 1: கொட்டுங்கள்

15 நிமிடம் கை நிற்கக் கூடாது. எழுத்துப்பிழை, கோணல் எழுத்து எதையும் பார்க்காதீர்கள். நினைப்பு எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். வீட்டில் தமிழும் வெளியில் பர்மியமுமாக வளர்ந்த நமக்கு இது முக்கியம். எனக்குப் பணக் கவலை பர்மியத்தில்தான் வரும். ‘காசு’ என்று எழுத வராது, ‘பைசான்’ என்றுதான் வரும். அம்மாவின் நினைப்போ தமிழில் மட்டுமே வரும். மொழிபெயர்க்கத் தொடங்கினால் கை தயங்கும், நினைப்பு நழுவும். ஒன்றும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருங்கள்.

படி 2: பிரியுங்கள்

பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பிறகு எழுதியும் பயனில்லை என்கிறார்கள். மனத்தின் இரைச்சல் இரண்டு வகை: முடியாமல் கிடக்கும் வேலை ஒன்று, ஆறாத வலி மற்றொன்று. எழுதியதைப் படித்து, வேலைக்கு வட்டம் போடுங்கள்; வலிக்கு அடிக்கோடு போடுங்கள்.

படி 3: வட்டமிட்டவை

‘வீட்டு வாடகை’ என்று விட்டுவிடக் கூடாது. ‘செவ்வாய் காலை 10 மணிக்கு வீட்டுக்காரரைப் பார்த்து, பாதி இப்போது, மீதி மாதக் கடைசியில் என்று கேட்க வேண்டும்’ என்று எழுத வேண்டும். 2018இல் வெளியான அமெரிக்க பெய்லர் பல்கலைக்கழக ஆய்வில் 57 பேர் படுக்கும் முன் 5 நிமிடம் எழுதினார்கள். செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். அவர்களிலும் விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.

படி 4: அடிக்கோடிட்டவை

இவற்றுக்குத் திட்டம் போட முடியாது. ஒரே விஷயத்தைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை எழுதச் சொன்ன கால அளவு இது. நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு மனம் கனக்கும். அந்த மாணவர்களுக்கும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது.

முதல் நாள் நான் எழுதியது ஒரே வரி, நான்கு தடவை: ‘அம்மா போகும்போது நான் பக்கத்தில் இல்லை.’ மூன்றாம் நாள்தான் ‘ஏனென்றால்’ என்ற சொல் வந்தது. ‘ஏனென்றால் அன்று அம்மா இருந்த மோல்மேன் ஊருக்குப் பஸ் கிடைக்கவில்லை. நான் வேண்டுமென்று தங்கிவிடவில்லை.’ அதை எழுதிய பிறகு வெகுநேரம் அழுதேன். ஆகவே உங்கள் பக்கத்திலும் ‘ஏனென்றால்’, ‘அதனால்’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பல நாள் எழுதியும் அதே வரிதான் திரும்புகிறது என்றால், எழுதுவதை நிறுத்தி நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.

ஒரு நினைப்பை எழுதும்போது உடம்பு நடுங்கினால் அதை விட்டுவிடுங்கள். இன்று வேறொன்றை எழுதலாம். 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் உறவுகளை இழந்தவர்களை எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டை யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள். வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் எழுதிய தாளைக் கிழித்துவிடலாம், தவறில்லை. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும், வாக்கியம் பாதியில் நின்றாலும் பென்சிலை உள்ளே வைத்து நோட்டை மூடிவிட்டு, போய் மோட்டாரை நிறுத்துங்கள்.