பழைய ஜீப்பின் மட்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் சேறும் கறளும்: மாரிக்கு முன் செய்யவேண்டிய வேலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வட்டைக்குள் இறங்கி ஏறும் பழைய பஜரோவோ டபுள் கெப்போ, கறள் (துரு) தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல. மட்காட்டின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்பிலும், முன்சில்லுக்குப் பின்னால் மட்காட்டின் அடிமூலையிலும் சேறு போய் அடையும். மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே கிழமைக்கணக்கில் ஈரம் நிற்கும். வயல் சேற்றில் எம்.ஓ.பி. என்னும் பொட்டாசியம் குளோரைட்டுப் பசளையும் கலந்திருந்தால் இன்னும் மோசம். அதுவும் ஒருவகை உப்புத்தான். வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரைக்கு வந்தால் கடல் உப்புக்காற்று வேறு. லான்ட் ரோவரின் உடல் அலுமினியம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் வெள்ளைத் தூளாக அரிக்கும். அதன் சேசிஸும் இரும்புதான்.

கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணிதான் இதற்குத் தோதான காலம். மாரி தொடங்கிய பிறகு பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும்.

தூக்குவதும் கழற்றுவதும்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். கல்லடி, திருக்கோவில் பக்க மணல் முற்றங்களில் ஜக் புதையும். அடியில் 2 அங்குலத் தடிப்பான பலகை போடுங்கள். ஜக் ஸ்டான்டில் வண்டியை இறக்கி வைக்காமல் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது.

பிளாஸ்டிக் உள்மறைப்பு இருந்தால் கழற்றுங்கள். பழைய கிளிப்புகள் தொட்டாலே உடையும், முன்கூட்டியே பத்துப் பதினைந்து வாங்கி வைத்தால் நல்லது. மறைப்புக்குப் பின்னால் கைநிறைய மண் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கழுவுதல்

பிரஷர் வொஷரை எடுத்தவுடன் அடிக்காதீர்கள். காய்ந்த சேற்றை அது மடிப்புக்குள் இன்னும் இறுக்கித் தள்ளும். முதலில் சாதாரணக் குழாயால் நனைத்து அரைமணிநேரம் ஊறவிடுங்கள். பிறகு மரக்குச்சியால் மடிப்பைச் சுரண்டி, மேலிருந்து கீழாகத் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். வேகத்தை விடத் தண்ணீரின் அளவுதான் இங்கே முக்கியம். பிரஷர் பாவித்தால் 30 சென்ரிமீற்றராவது தள்ளிப் பிடியுங்கள். பெயாரிங் சீல், வயர் பிளக், பிரேக் ஹோஸ் பக்கம் நேராக அடிக்கவேண்டாம். கரையோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீரில் கழுவுவதே வீண். பைப் தண்ணீர் எடுங்கள்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதியின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். சைக்கிள் சில்லுக் கம்பியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறவுங்கள். அழுக்குத் தண்ணீர் வடிந்து தெளிவாக வரும்வரை விடாதீர்கள். பின் ஒரு முழுநாள் வெயிலில் காயவேண்டும்.

தட்டிப் பார்த்தல்

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தை நுனியால் அழுத்துங்கள். உள்ளே போனால் இனி பெயின்ட் வேலை இல்லை. அரித்ததை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்யவேண்டும். பட்டி பூசி மறைப்பவர்களும் உண்டு, ஒரு மாரி தாங்காது. வண்டியை வாங்கும்போது காந்தம் கொண்டு போங்கள்: இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது. வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

மேற்பரப்புக் கறளுக்கு

பொருக்கெல்லாம் உதிரும்வரை கம்பி பிரஷ், அதன்பின் 80, 180 இலக்கச் சாண்ட் பேப்பர். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கறளை மாற்றி நிறுத்தும் ரஸ்ட் கன்வேர்ட்டர் திரவம் பூசுங்கள். நான்கு சில்லுக்கும் 250 மில்லிலீற்றர் போதும். பொருக்கின் மேல் பூசினால் அது மேற்தோலை மட்டும் கறுப்பாக்கும், அடியில் கறள் தொடர்ந்து வளரும். சிலவகையைக் காய்ந்தபின் கழுவவேண்டும், சிலவகையைக் கழுவக்கூடாது. போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

காய்ந்ததும் இரண்டு பாக எபொக்சி பிரைமர், மெல்லிய இரண்டு கோட். சாதாரண ஃபில்லர் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதை இங்கே தனியாக விடவேண்டாம். தகடுகள் சேரும் இடத்தில் சீம் சீலர் விடுங்கள். வடிகால் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இறுதிப் பூச்சு

பலரும் வண்டியின் அடியில் பூசும் கறுப்பு அண்டர்சீலைத் தடிப்பாக அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பழைய வண்டிக்கு இதை நாம் பரிந்துரைப்பதில்லை. அது காலப்போக்கில் வெடிக்கும். வெடிப்பால் உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது, வெளியில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) வகைப் பூச்சே சிறந்தது. அது இறுகாமல் மென்மையாக இருப்பதால் கீறலானாலும் அதன்மேல் மீண்டும் அடிக்கலாம். மடிப்புக்குள்ளும் பெட்டிப்பகுதிக்குள்ளும் நீண்ட குழாய் நோசிலால் செலுத்துங்கள். நான்கு சில்லுக்குமாக ஒரு லீற்றர் அளவு வேண்டும். பிரேக் டிஸ்க், பாட், சைலென்ஸர் ஆகியவற்றைப் பொலித்தீனால் மூடிவிட்டு அடியுங்கள்.

பழைய எஞ்சின் ஒயில் அடிக்கும் வழக்கமும் இருக்கிறது. அது றப்பர் புஷ்களை ஊதவைக்கும், மண்ணை ஒட்டவைக்கும், வாவிக்கும் வயலுக்கும் கேடு.

சில்லைப் பூட்டும்போது நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள். அறுகம்பை மணலிலோ வாவிக்கரைச் சேற்றிலோ ஓடினால் அன்றைக்கே மடிப்பைக் கழுவுங்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் உள்மறைப்பை ஒருமுறை கழற்றி, மெழுகு தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்ப அடித்தால் போதும்.