இரட்டை பேட்டரி வண்டியில் எது பழுது?

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இணையாகப் பூட்டிய டிரக் சரியாக ஸ்டார்ட் ஆகவில்லையா? மீட்டரை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, இரண்டு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

கேபிள் மாட்டியிருக்கும்வரை இரண்டும் ஒரே வோல்ட்டேஜைத்தான் காட்டும். நோஞ்சான் பேட்டரி நல்லதிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கடைசியில் இரண்டுமே கெட்டுவிட்டதாகத் தோன்றும். பிரித்து வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஒன்று 12.6 வோல்ட்டில் நிற்க, இன்னொன்று சார்ஜ் செய்த பிறகும் 10.5 பக்கம் இறங்கினால், அதில் ஒரு செல் (பேட்டரிக்குள் இருக்கும் மின் அறைகளில் ஒன்று) போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இரண்டும் ஒரே அளவில் 12.2-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். கேபிளை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி), அதைச் சுற்றும் பெல்ட், துருப்பிடித்த டெர்மினல் ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் கேபிளைக் கழற்றவே கூடாது, ஆல்டர்னேட்டரே போய்விடலாம்.

தொடராக இணைத்த 24 வோல்ட் லாரிக்கு இந்தக் கழற்றும் வேலை தேவையில்லை, மாட்டியபடியே ஒவ்வொன்றையும் அளக்கலாம். அப்புறம் ஒன்று: சில பேட்டரிகள் சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் சுற்றியதும் படுத்துவிடும். அதற்கு லோடு டெஸ்ட்தான் (பேட்டரிக்கு மின்சுமை கொடுத்தபடியே அளப்பது) வழி.